புதுப்பிப்பு: மொறிஸ் மைனர் கைமாறிட்டுது

அப்பாவின்ர 1964 மொறிஸ் மைனர் காரை விக்கப்போறன், பொறுப்பான ஆள் வேணும் எண்டு போன மாதம் எழுதியிருந்தன். நேற்றுக் குடுத்தாச்சு.

முதல் வந்த ரெண்டு பேரும் 1098 சிசி எஞ்சினைக் கழற்றிப்போட்டு ஜப்பான் எஞ்சின் பூட்டப்போறம் எண்டினம். மறுத்திட்டன். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம், போத்தலால சொட்டுப் பெற்றோல் காபரேற்றருக்க விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எஞ்சின் அது.

வாங்கினவர் சாவகச்சேரிப் பக்கம் மெக்கானிக். வந்த உடன சாக்கு விரிச்சுக் கீழ படுத்து, டோர்ச் அடிச்சு, சேசிஸ் முழுக்கக் கறள் தேடினார். எழும்பேக்க முகத்தில சிரிப்பு. விலையைக் கொஞ்சம் குறைச்சே குடுத்தன்.

கார் ஒழுங்கையால திரும்புமட்டும் அம்மா கேற்றடியில நிண்டவ.