கார்டோடு வரும் இலவசப் பயணக் காப்பீடு: வெளிநாட்டுக்கு இதை மட்டும் நம்பிப் போகலாமா?

வழிப்போக்கன்:

வணக்கம். நாங்கள் நான்கு பேர் (நான், மனைவி, 8 வயது மகன், 71 வயது அம்மா) 26 நாள் ஐரோப்பா போகிறோம். என் கிரெடிட் கார்டின் விளம்பரப் பக்கத்தில் 'வெளிநாட்டுப் பயணக் காப்பீடு இலவசம்' என்று பெரிய தொகை போட்டிருக்கிறது. டிக்கெட்டில் பாதிக்கு ரிவார்டு பாயிண்ட்ஸ், மீதிக்கு அந்தக் கார்டு. அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. கடைசி 6 நாள் வாடகைக் கார். ஷெங்கன் விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. தனியாகப் பாலிசி எடுக்க வேண்டுமா, கார்டில் வருவதே போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொடியெழுத்து:

உங்கள் பயணத்துக்கு அந்தக் காப்பீடு அமலுக்கே வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். கார்டு பர்ஸில் இருந்தாலே காப்பீடு உண்டு என்று விடும் வங்கிகள் குறைவு. போகவர டிக்கெட் முழுவதையும் அந்தக் கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு வகை. கிளம்புவதற்கு முன் பயணச் செலவாகக் குறிப்பிட்ட தொகையைக் கார்டில் செலவழித்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சில கார்டுகளில் இது போக இணையத்தில் பயணத்தைப் பதிவு செய்யவும் வேண்டும். பதியாமல் விமானம் ஏறிவிட்டால் அவ்வளவுதான். உங்களுடையது எந்த வகை என்பது பாலிசிக் கையேட்டின் 'தகுதி' பகுதியில் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் தேடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இடறக்கூடியது பாயிண்ட்ஸ்தான். 'முழுக் கட்டணமும் கார்டில்' என்று இருந்தால், பாதி பாயிண்ட்ஸ் கொடுத்து வாங்கிய டிக்கெட் அடிபடலாம். அந்தக் கார்டின் சொந்த பாயிண்ட்ஸ் என்றால் பணத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. அதே பாலிசி, விமான நிறுவனம் தரும் பயணப் புள்ளிகளான மைல்களை ஏற்காது. வரியைக் கார்டில் கட்டினாலே போதும் என்கிற தாராளமானவையும் உண்டு. ஒவ்வொருவர் டிக்கெட்டும் தனித்தனியாக இந்த நிபந்தனைக்குள் வர வேண்டும். அம்மா டிக்கெட்டை மட்டும் வேறு கார்டில் போட்டிருந்தால் அவர் கணக்கில் இல்லை.

நாள் வரம்பையும் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் சில பாலிசிகள் முதல் இத்தனை நாளுக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்ளும். சில, பயணம் நீளமாகத் திட்டமிடப்பட்டிருந்தாலே முதல் நாளிலிருந்தே கிடையாது என்று சொல்லிவிடும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் 'பயணம்' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். அந்த விளக்கத்தில் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, திரும்பும் டிக்கெட் கட்டாயமா என்று மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள்.

இது குழுக் காப்பீடு. பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும். நீங்கள் பயனாளி மட்டுமே. வங்கி காப்பீட்டு நிறுவனத்தை மாற்றலாம், சலுகையைக் குறைக்கலாம். கையேட்டின் அட்டையில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று போட்டிருப்பார்கள். டிக்கெட் வாங்கும் அன்றே அந்தப் பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் வரை கார்டை மூடாதீர்கள், தவணையும் பாக்கி வைக்காதீர்கள்.

அந்தப் பெரிய தொகை பற்றி: பல கார்டுகளில் அது விமானம், ரயில் போன்ற பொதுப் போக்குவரத்தில் போகும்போது விபத்தில் இறந்தாலோ கை கால் இழந்தாலோ கொடுப்பது. ஹோட்டலில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதிலிருந்து ஒரு காசும் வராது. பலன் அட்டவணையில் 'வெளிநாட்டு அவசர மருத்துவச் செலவு' என்று தனி வரி இருக்கிறதா? இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை, தனிப் பாலிசி வாங்குங்கள்.

கிளெய்ம்மேசை:

அம்மா விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் அதுதான்.

'குடும்பம்' என்றால் பெரும்பாலான கார்டு பாலிசிகளில் கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள். பெற்றோர் அதில் வருவது அபூர்வம். அம்மாவுக்கு ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே குடும்பத்தினர் பெயரில் தரும் கூடுதல் கார்டு) எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று சொல்வார்கள். சில பாலிசிகளில் அது செல்லும், சிலவற்றில் முதன்மைக் கார்டுக்காரருடன் சேர்ந்து பயணம் செய்தால் மட்டும் செல்லும். அதற்கு மேல் வயது வரம்பு வேறு.

எல்லாம் தாண்டினாலும் 'முன்பே இருக்கும் நோய்' என்ற சுவர் நிற்கும். கட்டுக்குள் இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுவது, அண்மையில் மாத்திரையின் அளவை மாற்றியது, எடுக்கச் சொல்லி இன்னும் எடுக்காத பரிசோதனை, டாக்டரிடம் போயிருக்க வேண்டிய அளவுக்கு இருந்த அறிகுறி என எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வரலாம். அங்கே போய் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது ஊரில் பார்க்கும் டாக்டரின் பழைய குறிப்புகளைத்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதில் இருக்கும். இதயத்தை அவற்றோடு முடிச்சுப் போட்டு கிளெய்மை நிராகரிப்பார்கள். சில கார்டு பாலிசிகள் கூடுதல் பிரீமியம் கட்டினால் நோயைச் சேர்த்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்து எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அது இல்லையென்றால் அம்மாவுக்கு, இரண்டு நோயையும் சொல்லி, தனிப் பாலிசி. பிரீமியம் கூடுகிறதே என்று மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் தொடர்பில்லாத கிளெய்மும் சேர்ந்து போகும்.

விசாவுக்கு: ஷெங்கன் விதிப்படி குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, உடல்நலக் காரணத்தால் நாடு திரும்பும் செலவு, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு எல்லாம் அடங்க வேண்டும்; ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்ததில் இப்போது 29 நாடுகள். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் கிடையாது. அங்கேயும் எட்டிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் பாலிசியின் எல்லையில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்டுக் கையேட்டில் 'தகுதியுள்ள கார்டுதாரர்கள்' என்றுதான் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. விசா விண்ணப்பத்துக்குப் பெயர், தேதிகள், தொகை, எல்லை எல்லாம் போட்ட சான்றிதழ் தேவை. வங்கியை விட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். தர மறுத்தால் விசாவுக்காகவாவது தனிப் பாலிசிதான் வழி.

ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, சேர்வதற்கு முன்பே காப்பீட்டின் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். நோயாளி பெயர், ஆஸ்பத்திரி பெயர், வார்டின் போன் எண், பார்க்கும் டாக்டர் பெயர் ஆகியவற்றைச் சொல்லி ஒரு கேஸ் எண் வாங்குங்கள். பிறகு ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவு மின்னஞ்சலைக் கொடுத்து, 'கட்டண உத்தரவாதக் கடிதம் அனுப்புங்கள்' என்று தெளிவாகக் கேளுங்கள். அந்தக் கடிதம் வந்தால்தான் ஆஸ்பத்திரி உங்கள் கையிலிருந்து முன்பணம் கேட்பதை நிறுத்தும். சும்மா ஒரு டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கியது என்றால் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்ய வேண்டியிருக்கும். ஊருக்குத் தூக்கி வருவதை முடிவு செய்வது அவர்களுடைய டாக்டர். நீங்களாக ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பணம் வரும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, கையேட்டில் இருக்கும் கட்டணமில்லா எண் வெளிநாட்டிலிருந்து பல நேரம் இணையாது. நாட்டுக் குறியீட்டோடு கூடிய முழு எண்ணைக் காகிதத்தில் எழுதி நாலு பேர் பையிலும் வைத்துவிடுங்கள்.

பெட்டிதொலைத்தவர்:

பெட்டிக்கும் தாமதத்துக்கும் கார்டு காப்பீடு பரவாயில்லாமல் வேலை செய்யும், காகிதம் சரியாக இருந்தால். பெட்டி வரவில்லையா, பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பேக்கேஜ் கவுன்டருக்குப் போய் பி.ஐ.ஆர். என்கிற புகார் அறிக்கை வாங்கிவிடுங்கள். அதில் 10 இலக்கக் குறிப்பு எண் இருக்கும்: விமான நிலையக் குறியீடு 3 எழுத்து, விமான நிறுவனக் குறியீடு 2 எழுத்து, பிறகு 5 எண். இது இல்லாமல் விமான நிறுவனமும் சரி, காப்பீடும் சரி, பேச்சையே தொடங்க மாட்டார்கள். போர்டிங் பாஸ், அதன் பின்னால் ஒட்டும் பெட்டி ஸ்டிக்கர் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். அவர்களுடைய உச்ச பொறுப்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); அதற்கு முன் 1,288 ஆக இருந்தது. முதலில் அங்கே கேட்டு, கொடுத்ததும் மறுத்ததும் எழுத்தில் வந்த பிறகே கார்டு காப்பீடு மிச்சத்தைப் பார்க்கும்.

தாமதத்துக்கு 4, 6, 12 மணி நேரம் என்று பாலிசிக்குப் பாலிசி வரம்பு மாறும். எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்ற இரண்டும் இருக்கும் கடிதத்தை விமான நிறுவனத்திடம் வாங்குங்கள். 'விமானம் தாமதம்' என்று மொட்டையாக வரும் குறுஞ்செய்தி போதாது.

திருட்டு என்றால் பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அறிக்கை கேட்கும். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று தனி உச்சவரம்பும் இருக்கும். கேமரா, லென்ஸ், பை மூன்றையும் ஒரே பொருளாக எண்ணுகிற பாலிசிகள் உண்டு. செக்-இன் பெட்டிக்குள் வைத்த லேப்டாப், கண்ணெதிரே இல்லாமல் விட்ட பை, இவற்றுக்கெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

வழிப்போக்கன்:

மூவருக்கும் நன்றி. அம்மாவுக்குத் தனிப் பாலிசி என்று முடிவு செய்துவிட்டேன். வங்கியின் கஸ்டமர் கேரில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்கிறார்கள். எங்கள் மூவருக்கும் தனியாக எடுத்தால் இரண்டிலும் கிளெய்ம் செய்ய முடியுமா? காருக்கு என்ன செய்வது?

பொடியெழுத்து:

கஸ்டமர் கேர் சொன்னதை வைத்து யாரும் பணம் தர மாட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'கவர் ஆகுமா' என்று பொதுவாகக் கேட்டால் கையேட்டையே திருப்பி அனுப்புவார்கள். இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் தேதியில், கட்டணத்தில் இவ்வளவு பாயிண்ட்ஸ், இவ்வளவு கார்டில் கட்டி மூன்று பேருக்குப் போகவர டிக்கெட் வாங்கியுள்ளேன். இது தகுதி நிபந்தனையை நிறைவு செய்கிறதா? எந்தப் பிரிவின்படி?' பதிலில் பிரிவு எண் வர வேண்டும். திருப்தியாக வந்தால் உங்கள் மூவருக்கும் கார்டே போதும் என்பது என் கருத்து, மருத்துவத் தொகை கணிசமாக இருக்கும் பட்சத்தில்.

இரண்டு பாலிசி இருந்தால் செலவை ஒரு தடவைதான் வாங்கலாம். ஆஸ்பத்திரி பில்லை இரண்டு இடத்தில் முழுதாக வாங்க முடியாது. கிளெய்ம் படிவத்தில் வேறு காப்பீடு இருக்கிறதா என்ற கேள்வி வரும், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். விபத்து மரணம் போன்ற நிலையான தொகைகள் மட்டும் பொதுவாக இரண்டிலும் கிடைக்கும். எக்ஸஸ், அதாவது உங்கள் கையிலிருந்து போகும் முதல் தொகை, எதில் குறைவோ அதில் முதலில் போங்கள்.

நாற்சந்தி:

காருக்கு வருகிறேன். கார்டு பாலிசிகளில் இது இரண்டு விதம். ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் தலையில் விழும் எக்ஸஸை மட்டும் திருப்பித் தருவது. மற்றது, கவுன்டரில் விற்கும் சேதத் தள்ளுபடியை (கார் சேதமானால் அந்தச் செலவை உங்களிடம் கேட்காமல் விடும் ஏற்பாடு) நீங்கள் வேண்டாம் என்று மறுத்தால் மட்டுமே செல்வது. இரண்டாவது விதத்தில், கவுன்டர்காரர் பேச்சில் மயங்கி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் கார்டு காப்பீடு அங்கேயே முடிந்தது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு கவுன்டருக்குப் போங்கள்.

இரண்டு விதமும் உங்கள் வாடகைக் காரின் சேதத்தோடு நின்றுவிடும். அடுத்தவர் காரையோ ஆளையோ இடித்ததற்கான பொறுப்பு வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தவறான எரிபொருள் ஊற்றியது ஆகியவை பல பாலிசிகளில் விலக்கு. வாடகை முழுவதும் அதே கார்டில், ஓட்டுபவர் பெயர் ஒப்பந்தத்தில்.

வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கம், கூரை, நாலு சக்கரம், கண்ணாடி, எரிபொருள் முள் என்று படம் எடுங்கள். சேதம் என்று பணம் பிடித்தால் நான்கு காகிதம் வேண்டும்: ஒப்பந்தம், சேத அறிக்கை, ரிப்பேர் பில், பணம் பிடித்ததைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட். ரிப்பேர் பில்லுக்குப் பதிலாக வெறும் மதிப்பீட்டை நீட்டுவார்கள், விடாமல் கேட்டு வாங்குங்கள். வண்டி நின்ற நாளுக்கான இழப்பு, நிர்வாகக் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பதை எல்லாப் பாலிசியும் தராது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் பாருங்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தருவது 1 வருடம் செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தருவது அதிகபட்சம் 3 வருடம். போகிற நாடு எதைக் கேட்கிறது என்று அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஓட்டத் தகுதி இல்லாதவர் ஓட்டினால் கார் கிளெய்மும் போச்சு, அந்த விபத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவ கிளெய்மும் போச்சு. நடுவில் எங்காவது ஸ்கூட்டர் எடுக்கிற ஆசை இருந்தால் அதற்கும் இதேதான்: பல பாலிசிகள் இரு சக்கர உரிமம், ஹெல்மெட், என்ஜின் அளவு மூன்றையும் பார்க்கும்.

வழிப்போக்கன்:

மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. பதிலில் பிரிவு எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.