யாழ்ப்பாணமா, நுவரெலியாவா? முடிவெடுக்க உதவுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஆகஸ்டில் நாலு நாள் பயணம். ஆறு வயசுப் பிள்ளை, முழங்கால் வலியுள்ள அம்மா உட்பட நாலு பேர். இந்தக் கிழமைக்குள் ஊரை முடிவாக்க வேண்டும்.

மனம் யாழ்ப்பாணத்தில்தான். ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 25 நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குள் எங்கள் திகதி விழுகிறது. கோயிலடியில் கேட்ட மூன்று இடத்திலும் அறை இல்லை. ரயிலில் ஏசி சீற்றும் முடிந்துவிட்டது. நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும்: ஆடுகிற விளிம்பில் கால்வைத்து, குனிந்து உள்ளே இறங்க வேண்டும். அம்மாவுக்கு அதுதான் பயம்.

நுவரெலியாவில் அறை இருக்கிறது. ஆனால் 1,868 மீற்றர் உயரம், தென்மேற்குப் பருவமழை வேறு. ஈரக்குளிரில் மூட்டு இறுகிவிடும். ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் சுற்று ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடை; பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் பனிமூட்டம். அதை விட்டால் ஹக்கல பூங்கா, கிரகறி வாவி. இரண்டு நாளே போதும்.

திருவிழா நேரம் யாழ் நகருக்கு வெளியே சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ தங்கி, அம்மாவை ஓட்டோவில் காலைப் பூசைக்கு நல்லூர் கூட்டிவருவது சரிவருமா?