பி செல்களில் சிடி56 தெரிகிறது: சாயத்தின் கோளாறா?

கேள்வி: வணக்கம். நலமுள்ளவர்களின் இரத்தத்திலிருந்து ஃபைக்கால் முறையில் (அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு) பிரித்தெடுத்த செல்களில், டி செல்களை இனங்காண ஃபிட்சி சாயமுள்ள சிடி3, என்.கே. செல்களுக்கு பி.இ. சாயமுள்ள சிடி56, பி செல்களுக்கு பி.இ.-சை7 சாயமுள்ள சிடி19 ஆகிய ஆன்டிபாடிகளைச் சேர்க்கிறோம் (சிடி எண்கள் செல்லின் மேற்பரப்புப் புரதங்களைக் குறிக்கும்). பிறகு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, மறுநாள் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் செலுத்தி சாயங்களின் ஒளியை அளக்கும் கருவியில்) ஓட்டுகிறோம். சிடி19 உள்ள செல்களில் பெரும்பாலானவை சிடி56-உம் கொண்டவையாகத் தெரிகின்றன. இறந்த செல்களையும் ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களையும் விலக்கிய பின்னரும் இது மறையவில்லை. காம்பன்சேஷனை (ஒரு சாயத்தின் ஒளி மற்றொன்றின் அளவீட்டில் கலப்பதைக் கழிக்கும் திருத்தத்தை) பீட்கள் எனும் நுண்மணிகளைக் கொண்டு அன்றே கணக்கிட்டோம். காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1: சிடி19 எவ்வளவு பிரகாசமோ அந்த அளவுக்கு பி.இ. ஒளியும் கூடி, புள்ளிகள் சாய்கோடாக நீள்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் நீங்கள் காண்பது சிடி56 அல்ல. பி.இ.-சை7 ஒரு டேண்டம் சாயம், அதாவது இரு சாயங்களை இணைத்தது, பி.இ. வாங்கிய ஆற்றலை சை7-க்குக் கடத்துவதால்தான் 780 நானோமீட்டர் அருகே ஒளி வருகிறது. வெளிச்சத்தாலோ நிலைப்படுத்தும் திரவத்தாலோ அந்தப் பிணைப்பு சிதைந்தால், பி.இ. தன் சொந்த ஒளியை 578 நானோமீட்டர் அருகே உமிழ்கிறது. கருவியோ அதை சிடி56 என்று எண்ணிக்கொள்கிறது. சிடி56 மட்டும் சேர்க்காத ஒரு குழாயையும், நிலைப்படுத்தாமல் உடனே ஓட்டும் ஒரு குழாயையும் தயாரித்துப் பாருங்கள். இரண்டாவதிலும் சாய்கோடு வந்தால் குப்பியிலேயே சாயம் கெட்டிருக்கக்கூடும்.

மறுமொழி 2: மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் சாய்கோட்டை நிமிர்த்துவதற்காகக் காம்பன்சேஷன் எண்ணைக் கையால் கூட்டிவிடாதீர்கள். பலரும் செய்யும் அந்தக் குறுக்கு வழி படத்தை அழகாக்குமே தவிர, முடிவைக் கெடுக்கும். சிதைவு எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஒற்றைச் சாயக் கட்டுப்பாடுகளை (ஒரே ஒரு சாயம் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குழாய்களை) அதே குப்பியிலிருந்து எடுத்து, மாதிரிகளைப் போலவே நிலைப்படுத்தி, அதே நேரம் காத்திருக்கவைத்து ஓட்ட வேண்டும். நிலைப்படுத்தாத பீட்களில் கணக்கிட்ட எண் நிலைப்படுத்திய செல்களுக்குப் பொருந்தாது.

கேட்டவர்: மிக்க நன்றி. நீங்கள் சொன்ன சாய்கோடுதான் இருக்கிறது. சிடி56 சேர்க்காத குழாயிலும் அதே கோடு வந்தது. நிலைப்படுத்தாமல் உடனே ஓட்டிய குழாயில் வரவில்லை. மாதிரிகள் மாலையில் வந்து சேர்வதால் அன்றே ஓட்டுவது எங்களுக்கு இயலாது. எங்கள் கருவியில் சிவப்பு லேசர் உண்டு.

மறுமொழி 1: அப்படியானால் குப்பியைக் குறை சொல்ல வேண்டியதில்லை, புதிது வாங்கினாலும் இதே நிலைதான் வரும். சிடி19-ஐ, சிவப்பு லேசரால் ஒளிரும், டேண்டம் அல்லாத ஏ.பி.சி. சாயத்துக்கு மாற்றுங்கள், அதன் ஒளி 660 நானோமீட்டர் அருகே வருவதால் பி.இ.-யில் அநேகமாகக் கலக்காது. இருக்கும் குப்பியையே பயன்படுத்துவதானால், நிலைப்படுத்தும் நேரத்தைக் குறைத்து, திரவத்தைக் கழுவி நீக்கி, செல்களை 4 டிகிரி செல்சியஸில் இருட்டில் வையுங்கள். டேண்டம் ஆன்டிபாடியை உறையவைக்கக் கூடாது.

மறுமொழி 2: மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களையும் கவனியுங்கள். சை7 போன்ற சயனின் சாயமுள்ள டேண்டம்கள் அவற்றில் தாமாகவே ஒட்டக்கூடியவை என்பதால், அவற்றை அடையாளம் காட்டும் சிடி14 ஆன்டிபாடியைச் சேர்த்துத் தனியே விலக்கினால் சிடி19 எண்ணிக்கை பொய்யாக உயராது.