நிலக்கரிச் சுரங்கம் மூடிய நாடுகளில் நம் கரையோர மக்கள் கண்டவை

கீழக்கரை மாலுமி எழுதியது:

சரக்குக் கப்பல்களில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். 2015 நவம்பரில் எங்கள் கப்பல் கொலம்பியாவிலிருந்து ஏறத்தாழ 70,000 டன் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹம்பர் ஆற்றுமுகத்தில் இருக்கும் இம்மிங்ஹாம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலின் மூடிய சரக்கறைக்குள் கிடக்கும் கரி தானாகவே கனன்று தீப்பிடிக்கக் கூடியது என்பதால், வழி நெடுக மீத்தேன் சேர்கிறதா, சூடு ஏறுகிறதா என்று நாள்தோறும் கருவி விட்டுப் பார்ப்பதே எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கரையிறங்க அனுமதி கிடைத்ததும் மாலுமிகள் இல்லத்திலிருந்து வேன் வந்தது. ஓட்டி வந்தவர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர்; சம்பளம் வாங்காமல் தொண்டாக அந்த வேலையைச் செய்பவர். பின்னால் இருந்த பையன்கள் சிம் கார்டு, வைஃபை என்று பரபரத்துக்கொண்டிருக்க, நான் முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சரக்கு என்று கேட்டார். நிலக்கரி என்றேன். அதன் பிறகு கொஞ்ச தூரம் அவர் வாய் திறக்கவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவருடைய புறங்கைகளில் நீல நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. பச்சை குத்தியது என்று முதலில் நினைத்தேன். ஆனால் எழுத்தோ உருவமோ ஒன்றுமில்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே விளக்கினார். சுரங்கத்தில் கல் கிழித்த காயத்துக்குள் கரித்தூள் புகுந்துகொள்ளுமாம். தோல் அதன் மேலேயே மூடி ஆறிவிடுமாம். பிறகு எத்தனை தேய்த்தாலும் அந்த நீலம் போகாதாம். நெற்றியோரத்திலும் ஒன்று இருந்தது. என் வாப்பா பெரியபட்டினத்தில் சங்கு குளித்தவர். முங்கி முங்கிக் காதில் சீழ் வைத்து, கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பக்கம் கேட்காமலே போயிற்று. அதைச் சொன்ன பிறகுதான் மனிதர் மனம்விட்டுப் பேசினார்.

வட இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி பக்கத்து ஊர் ஒன்றில் பதினாறு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். 1984 மார்ச்சில், நாட்டில் சுமார் 170 சுரங்கங்கள் இருந்தபோது, அவற்றில் 20-ஐ மூடி 20,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இருபதோடு நிற்காது என்றார் தொழிற்சங்கத் தலைவர் ஸ்கார்கில். பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு இறங்கிவரவில்லை. ஓராண்டு நடந்த அந்த வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் கையில் ஒன்றும் கிடைக்காமல் முடிந்தது. பெண்கள் சேர்ந்து நடத்திய பொதுச் சமையலில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்றும், குளிர்காலத்தில் கழிவு மேடுகளில் ஏறிக் கரி பொறுக்கி வந்துதான் வீட்டுக் கணப்பை எரித்தோம் என்றும் சொன்னார். பாதியில் வேலைக்குத் திரும்பிய சொந்தத் தம்பியோடு அவருக்கு அன்றிலிருந்து பேச்சு இல்லை. தாயார் அடக்கத்தின்போதுகூடக் கல்லறையின் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் இருவரும் நின்றார்களாம். விசைப்படகு வேலைநிறுத்தத்தின்போது ஒருவன் மட்டும் ரகசியமாகக் கடலுக்குப் போய்வந்தால் ஊரில் என்ன நடக்கும் என்பதை அறிந்த நமக்கு இது புரியாத கோபம் அன்று.

அவருடைய சுரங்கம் 1992-இல் ஒரே அறிவிப்பில் மூடுவதாகச் சொல்லப்பட்ட 31 சுரங்கங்களில் ஒன்று. கரி தீர்ந்துபோய் மூடவில்லை என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார். 1913-இல் 29 கோடி டன் வெட்டியெடுத்த நாடு அது. வட கடலின் எரிவாயு மின்நிலையங்களுக்கு வந்தது. பின்னாளில், கரியை எரித்தால் வெளியாகும் கார்பனுக்கு விலை வைத்தார்கள். அவற்றோடு, மேல்மண்ணை அகற்றிவிட்டுத் திறந்தவெளியில் அள்ளப்படும் வெளிநாட்டுக் கரி மலிவாகக் கப்பலில் வந்து இறங்கியது. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்குப் பணம் அனுப்பியதே அந்தக் கரியைச் சுமந்துதான் என்பது அந்த வேனில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அவருடைய அக்காள் மகன் அப்போது கெல்லிங்லியில், சுமார் 800 மீட்டர் ஆழத்தில், நாட்டின் கடைசி ஆழ்சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் 18-ஆம் தேதி 450 பேரோடு அதுவும் மூடப்பட்டது.

கப்பல் புறப்படும் முன், உங்கள் கரியில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். தளத்தில் சிந்திக் கிடந்ததில் கையளவு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நகத்தால் கீறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கள் கரி இதைவிட நல்லது” என்றார்.

ஏர்வாடிக்காரன் எழுதியது:

காக்கா (அண்ணா), நான் ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். நீங்கள் பார்த்ததற்கு நேர்மாறான மூடுதலை அங்கே பார்த்தேன். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை 2018-இல் நிறுத்துவது என்று 2007-லேயே முடிவு செய்து, பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு உதவித்தொகையும் இளையவர்களுக்கு வேறு வேலையும் கொடுத்துச் சுருக்கினார்கள். பக்கத்து நகரமான போட்ரோப்பில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டபோது, கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள். என் வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. கண்ணில் நீர் வந்தாலும், வயிற்றில் அடிக்கவில்லை என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

ஆனால் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது உருண்டோடிவிடும். அடியில் கரியைக் குடைந்து எடுத்ததால் நிலம் பல மீட்டர் தாழ்ந்துபோன வட்டாரம் அது. பம்பை நிறுத்தினால் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கிவிடும். அதனால் சுரங்கம் மூடிய பிறகும் நீர் இறைக்கும் பம்புகள் என்றென்றைக்கும் ஓடியாக வேண்டும், அந்தச் செலவுக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. இறக்குமதிக் கரியை எரிப்பதையும், திறந்தவெளியில் பழுப்பு நிலக்கரி தோண்டுவதையும் அவர்கள் அன்றோடு விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பாலைக்குடி சகோதரி எழுதியது:

நான் வெளிநாட்டைப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பக்கத்தில் உப்பூரில் தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் கட்டத் தொடங்கியபோது, கடலுக்குள் நீளும் கட்டுமானத்தால் மீன்பாடு கெடும் என்று கரையில் உட்கார்ந்து போராடியவர்களில் நானும் ஒருத்தி. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், 2021-இல் வேலை நின்றது. அந்த இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்கள் கரி போகக்கூடாது என்று நின்றார்கள், நாங்கள் கரி வரக்கூடாது என்று நின்றோம். ஆனால் என் தம்பி அந்தக் கட்டுமானத்தில்தான் கம்பி கட்டும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை நின்ற செய்தி வந்த அன்று ஊரே பாயசம் வைத்தது. எங்கள் வீட்டில் நான் மட்டும் குடித்தேன்.

கீழக்கரை மாலுமி எழுதியது:

இங்கிலாந்தில் கரியை எரித்த கடைசி மின்நிலையமான ராட்கிளிஃப்பும் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இம்மிங்ஹாமுக்கு யார் என்ன ஏற்றிப் போகிறார்கள் என்று கூடப் பணிபுரிந்தவர்களிடம் விசாரித்தேன். மரத்துகள் உருண்டை என்றார்கள், அதுவும் எரிப்பதற்குத்தான். சகோதரி, உங்கள் தம்பி இப்போது உங்களோடு பேசுகிறாரா?

திருப்பாலைக்குடி சகோதரி எழுதியது:

கமுதியில் சூரிய மின்தகடு நிலையத்துப் பக்கம் காவல் வேலைக்குப் போகிறான். பேசாமல் என்ன, மாதக் கடைசியில் கைமாற்று கேட்க அவனுக்கு வேறு அக்காள் யார் இருக்கிறாள்?