எக்ஸ்எம்எல்லில் 'பர்சென்ட்', 'ஆர்டர்' எடுக்கும்போது எரர் 156

ஈசூன்_கோடர்:
எஸ்கியூஎல் சர்வர். இன்வாய்ஸ்நவ்ல (சிங்கப்பூர் மின்-இன்வாய்ஸ் நெட்வொர்க்) வர்ற யூபிஎல் (எக்ஸ்எம்எல் வடிவ) இன்வாய்ஸ்லேர்ந்து ஆர்டர் எண்ணும் ஜிஎஸ்டி விகிதமும் எடுக்கணும். அலையாஸா (ரிசல்ட்ல வர்ற பேர்) ஆர்டர், பர்சென்ட்னு வச்சதும் எரர் 156. கீவேர்டுக்கு (எஸ்கியூஎல் தனக்குன்னு வச்சிருக்கிற சொல்) சதுர அடைப்பு போடணுமாமேன்னு, டேக்குக்கு வழி சொல்ற 'பாத்'லயே டாக்ஸ்கேட்டகரி[பர்சென்ட்]னு எழுதினேன். இப்ப டெசிமலா மாத்த முடியலன்னு வேற எரர். அடைப்பை எங்கதான் போடறது?

பொங்கோல்_டிபிஏ:
தம்பி, அந்த ஒரு வரியில ரெண்டு மொழி இருக்கு. ஒற்றை மேற்கோளுக்குள்ள எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்ல டேக்கைத் தேடற மொழி), வெளியில எஸ்கியூஎல். ஆர்டரும் பர்சென்ட்டும் வெளியிலதான் கீவேர்டு. உள்ள அது வெறும் டேக் பேர், எதையும் சுத்திப் போட வேணாம்.

உள்ள சதுர அடைப்புன்னா நிபந்தனை. நீங்க எழுதினதுக்கு அர்த்தம், 'பர்சென்ட் இருக்கிற டாக்ஸ்கேட்டகரியைக் கொடு'. அதுக்குள்ள எஸ்ஆர் (வரி வகைக் குறியீடு), 9, ஜிஎஸ்டி மூணும் உட்கார்ந்திருக்கு. வேல்யூ() அத்தனையையும் ஒட்டி 'எஸ்ஆர்9ஜிஎஸ்டி'ன்னு எடுக்கும். அது எங்க டெசிமல் ஆகறது? டெசிமலுக்குப் பதிலா என்வார்சார்னு (எழுத்து வகை) கேட்டுப் பாருங்க, கண்ணுலயே தெரியும்.

இப்படி எழுதுங்க:

.வேல்யூ('(.../சிஏசி:டாக்ஸ்கேட்டகரி/சிபிசி:பர்சென்ட்)[1]', 'டெசிமல்(5,2)') ஆஸ் [பர்சென்ட்]

பாத் முழுசும் வளைவு அடைப்புக்குள்ள, அதுக்கு வெளியே [1]. [1]ஐ விட்டா, ஒரே மதிப்புதான் வரணும்னு எரர் 2389. பூஜ்ய விகிதமும் கலந்த இன்வாய்ஸ்னா இந்த [1] முதல் விகிதத்தோட நின்னுடும். அப்ப டேக்குகளைத் தனித்தனி வரிசையாப் பிரிக்கிற நோட்ஸ்()ஐ டாக்ஸ்சப்டோட்டல் மேல போட்டு ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுக்கணும்.

ஈசூன்_கோடர்:
156 போச்சு அண்ணே. ஆனா எல்லாம் 'நல்'லுதான் (வெற்று மதிப்பு) வருது, ஒண்ணும் நல்லதா வரல. சிஏசி, சிபிசி ரெண்டு முன்னொட்டையும் டிக்ளேர் பண்ணியாச்சு.

செங்காங்_மல்லி:
மேல இருக்கிற இன்வாய்ஸ் டேக்குக்கு முன்னொட்டு கிடையாது, அது டிஃபால்ட் நேம்ஸ்பேஸ்ல (டேக் பேர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுன்னு சொல்ற அடையாளம்) இருக்கு. வித் எக்ஸ்எம்எல்நேம்ஸ்பேசஸ்ல டிஃபால்ட்னு போட்டு, 'இன்வாய்ஸ்-2'னு முடியுற யூஆர்ஐயைச் சேருங்க. கிரெடிட் நோட்டுக்கு அது 'கிரெடிட்நோட்-2'ன்னு முடியும். ஒரே குவெரியை ரெண்டுக்கும் ஓட்டினா மறுபடி 'நல்'தான்.

ஸ்டோர்டு புரொசீஜருக்குள்ள (சர்வர்லயே சேமிச்சு வச்ச குவெரித் தொகுப்பு) போட்டா முந்தின வரி செமிகோலன்ல முடியணும். இல்லன்னா எரர் 319 வரும். 'வித்'துக்கு எஸ்கியூஎல்ல ஏகப்பட்ட வேலை, எந்த 'வித்'னு அதுக்கே புரியாது.

அட்மிரல்டி_குவெரி:
நாளைக்கு போஸ்ட்கிரெஸுக்கு (வேற ஒரு டேட்டாபேஸ்) மாத்துவீங்கன்னா: அங்க பர்சென்ட் கீவேர்டே இல்ல. எக்ஸ்எம்எல்லை டேபிளாக்குற எக்ஸ்எம்எல்டேபிள்ல ஆர்டருக்கு மட்டும் இரட்டை மேற்கோள், சதுர அடைப்பு செல்லாது. ஆனா மேற்கோளுக்குள்ள பெரிய எழுத்து வச்சீங்கன்னா, அந்தப் பேரைத் தொடுற ஒவ்வொரு குவெரியிலயும் அதே மேற்கோள், அதே பெரிய எழுத்து வேணும். பேசாம ஆர்டர்_நோ, ஜிஎஸ்டி_ரேட்னு வைங்க. எந்த டேக்கை எடுக்கணும்னு 'பாத்'தான் சொல்லுது, அலையாஸ் என்னவா இருந்தா அதுக்கென்ன.