எண்ணூர் பக்கம் ஜெட்டி வேலை: பைல் அடிக்கும்போது ஓங்கில்களை எப்படிக் காப்பது?

வடசென்னை_சைட் (கேள்வி)

வணக்கம். எண்ணூருக்குத் தெற்கே ஒரு ஜெட்டியை (கடலுக்குள் நீளும் படகுத்துறை) நீட்டிக்கும் வேலை தொடங்கப் போகிறது. தண்ணீர் ஆழம் 6 முதல் 8 மீட்டர். மேலே மணல், அடியில் களி, அதற்கும் கீழே கெட்டி மண். வரைபடத்தில் இருப்பது 900 மி.மீ. இரும்புக் குழாய் பைல் (ஜெட்டியைத் தாங்கும் தூண்), சுத்தியலால் அடித்து இறக்குவது. சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் "கடல்வாழ் பாலூட்டிகளுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரே ஒரு வரி. அதை வைத்து சைட்டில் என்ன செய்வது?

எவ்வளவு தூரத்தில் ஓங்கில் (டால்பின்) தெரிந்தால் நிறுத்தணும்? காற்றுக்குமிழித் திரை (பைலைச் சுற்றிக் குமிழி எழுப்பிச் சத்தத்தைக் குறைப்பது) இங்கே எடுபடுமா? ராத்திரி ஷிப்ட் ஓட்டலாமா? "இந்தப் பக்கம் ஓங்கிலே கிடையாது, எதுக்கு இதெல்லாம்" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நீரொலி

கடைசிக் கேள்விக்கு முதலில். காசிமேட்டிலோ திருவொற்றியூர் குப்பத்திலோ எந்த ஃபைபர் போட்டுக்காரரைக் கேட்டாலும் ஓங்கில் எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று சொல்வார். கூன்முதுகு ஓங்கில் ஆழமில்லாத கரையோரத்திலும் முகத்துவாரங்களிலும் மேய்கிற இனம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் மடவை மீன் கூடினால் அதற்கும் அங்கே வேலை இருக்கும். பாட்டில்மூக்கு ஓங்கிலும் முதுகுத்துடுப்பு இல்லாத கடல்பன்றியும் கரையை ஒட்டியே வருபவை. பார்க்கத் தெரியாதவர் கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது.

இப்போது சத்தத்துக்கு வருவோம். நிறைய பேர் தடுக்கி விழுவது டெசிபலில்தான். காற்றில் அளக்கும் டெசிபலும் தண்ணீரில் அளக்கும் டெசிபலும் ஒன்றல்ல. அடிப்படை அழுத்தம் காற்றில் 20 மைக்ரோபாஸ்கல், தண்ணீரில் 1 மைக்ரோபாஸ்கல். அந்த ஒன்றிலேயே 26 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். கரையில் சத்த மீட்டர் வைத்து "85தான் வருது" என்று எழுதும் ரிப்போர்ட்டால் ஓங்கிலுக்கு எந்தப் பயனும் இல்லை. தண்ணீருக்குள் ஹைட்ரோஃபோன் என்ற நீரடி மைக்கை இறக்கித்தான் அளக்க வேண்டும்.

900 மி.மீ. இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்தால் 10 மீட்டர் தூரத்தில் சராசரி அழுத்தம் சுமார் 193 டெசிபல் என்று கணக்கிடுவது வழக்கம். கரையோரக் கடலில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4.5 டெசிபல் குறையும். விட்டுவிட்டு வரும் இடிச்சத்தத்தில் விலங்கின் நடத்தை மாறும் எல்லையாக அமெரிக்காவில் வைத்திருப்பது 160 டெசிபல். கணக்குப் போட்டால் சுமார் 1.6 கிலோமீட்டர் வரை அந்தச் சத்தம் எட்டும். 7 டெசிபல் குறைத்தாலே அது 540 மீட்டராகச் சுருங்கிவிடும். அதனால் "எங்கே நிறுத்தணும்" என்பதற்கு முன்னால் "எப்படிக் குறைக்கணும்" என்று கேளுங்கள்.

முதலில் டிசைனரிடம் பேசுங்கள். நம் ஊர் துறைமுகங்களில் சர்வசாதாரணமாகச் செய்வது லைனர் (இரும்பு உறைக்குழாய்) இறக்கி, உள்ளே துளைத்து, கம்பிக்கூடு வைத்து, டிரெமி என்ற நீள்குழாய் வழியாக கான்கிரீட் ஊற்றும் பைல். லைனரை வைப்ரோ சுத்தியலால் (அடிக்காமல் அதிர்வால் இறக்குவது) இறக்கினால் அந்த இடி இருக்காது. ஆனால் வைப்ரோவின் சத்தம் இடைவிடாதது. அதற்கு எல்லை 120 டெசிபல். காகிதத்தில் அது பல கிலோமீட்டர் போகும், நடப்பில் துறைமுகப் பக்கக் கப்பல் இரைச்சலில் பெரும்பகுதி கலந்துவிடும். காது நிரந்தரமாகக் கெடும் ஆபத்து மிகக் குறைவு என்பதுதான் இதன் லாபம். கெட்டி மண் வந்ததும் வின்ச்சில் சிசலை (கனமான உளி) தூக்கிப் போட்டு உடைத்தால் மறுபடியும் இடிதான், அதனால் சுழன்று துளைக்கும் ரோட்டரி ரிக் கேளுங்கள். லைனரின் தலை ஏற்ற நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக நிற்க வேண்டும், இல்லையென்றால் அலையடிக்கும்போது பென்டோனைட் (துளை சரியாமல் ஊற்றும் களிக்குழம்பு) கடலில் வழியும்.

சுத்தியல்தான் என்று முடிவானால் குமிழித் திரை வையுங்கள். எடுபடும், ஆனால் பாதிப் பேர் தப்பாக வைக்கிறார்கள். காற்று விடும் துளைக்குழாய் வளையத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு 3 கனமீட்டர் காற்று என்பது அமெரிக்க விவரக்குறிப்பில் உள்ள அளவு. 3 மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு 9.4 மீட்டர், அதற்கு 28 கனமீட்டர் வேண்டும். 5 முதல் 10 மீட்டர் ஆழத்துக்கு நாலு வளையம் அடுக்க வேண்டும். மொத்தம் 113 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 4,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). ஒரே ஒரு 450 சிஎஃப்எம் கம்ப்ரஸரை பார்ஜில் (தட்டையான வேலைப்படகு) ஏற்றி "திரை வைத்துவிட்டோம்" என்றால் பார்க்க நுரை வரும், சத்தம் குறையாது. 8 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் எதிரழுத்தம் 0.8 பார்தான், குழாய் இழப்பைச் சேர்த்தாலும் உயர் அழுத்தம் தேவையில்லை. காற்றின் அளவுதான் முக்கியம். எண்ணெய் கலக்காத கம்ப்ரஸராக இருக்க வேண்டும்.

சொதப்பும் இடங்கள் மூன்று. ஒன்று, அடி வளையம் தரையை முழுச்சுற்றும் தொடாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது. அந்த இடுக்கு வழியாகச் சத்தம் அப்படியே வெளியேறும். எடை கட்டி, முக்குளிப்பவரை விட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டு, வளையம் சேற்றில் புதைந்து துளை அடைத்துக்கொள்வது. இறக்குவதற்கு முன்பே காற்றைத் திறந்துவிடுங்கள், காற்றை மூடி வைத்து இறக்காதீர்கள். மூன்று, நீரோட்டம். குமிழி மேலேறும் வேகம் வினாடிக்குச் சுமார் 0.3 மீட்டர். நீரோட்டமும் அதே வேகத்தில் ஓடினால், 8 மீட்டர் மேலே வருவதற்குள் குமிழி 8 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும், பைல் அம்மணமாக நிற்கும். வண்ணி, தெண்டி என்று எந்தப் பக்க நீரோட்டம் ஓடினாலும் அன்றைக்கு அளந்து பாருங்கள். வினாடிக்குக் கால் மீட்டர் வேகத்தைத் தாண்டும் நாட்களில் திறந்த வளையத்தை நம்ப வேண்டாம். பைலைச் சுற்றி அகலமான வெளிக்குழாய் இறக்கி, அதற்குள் குமிழி விடும் முறைதான் நிற்கும்.

எப்படிச் செய்தாலும் 5 முதல் 15 டெசிபலுக்குள்தான் குறையும். பைல் நுனியிலிருந்து தரை வழியாகப் போகும் அதிர்வு திரைக்கு வெளியே மறுபடி தண்ணீரில் ஏறும், அதைத் திரையால் தடுக்க முடியாது.

ஓங்கில்_காவல்

நீரொலி சொன்ன கணக்கு சரி. கண்காணிப்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான ஜேஎன்சிசி 2010ல் வெளியிட்ட பைலிங் நெறிமுறையை அடிப்படையாக வையுங்கள். பைலைச் சுற்றிக் குறைந்தது 500 மீட்டர் காவல் வட்டம். அடிக்கத் தொடங்கும் முன் 30 நிமிடம் பார்வை. வட்டத்துக்குள் விலங்கு தெரிந்தால், அது வெளியேறியதிலிருந்தோ கடைசியாகத் தெரிந்ததிலிருந்தோ 20 நிமிடம் கழித்துத்தான் தொடக்கம். பிறகு குறைந்தது 20 நிமிடம் மெல்ல ஏற்றுதல். 10 நிமிடத்துக்கு மேல் வேலை நின்றால் பார்வையும் மெல்ல ஏற்றுதலும் மறுபடி முதலிலிருந்து. இது குறைந்தபட்ச அளவு. திரை இல்லாத சுத்தியலுக்கு 500 போதாது என்பதை மேலே உள்ள 1.6 கிலோமீட்டர் கணக்கே சொல்கிறது.

மெல்ல ஏற்றுதல் என்றால் மெல்லத் தட்டுவது மட்டுமல்ல, சக்தியைக் குறைப்பது. 5 டன் சுத்தியல் 1.2 மீட்டர் விழுந்தால் 59 கிலோஜூல், 0.3 மீட்டர் விழுந்தால் 15 கிலோஜூல். நாலில் ஒரு பங்கு சக்தி, சுமார் 6 டெசிபல் குறைவு. ஹைட்ராலிக் சுத்தியலில் இதைச் சரியாக வைக்கலாம். டீசல் சுத்தியலில் முடியாது. மேல்மண் இளகலாக இருந்தால் அது பற்றாமல் நின்று நின்று, திடீரென்று முழுச் சக்தியில் பிடிக்கும். டீசல் சுத்தியலை டெண்டரிலேயே விலக்கிவிடுவது நல்லது.

பார்வையாளர் குறைந்தது இரண்டு பேர் ஒரே நேரத்தில், மாற்றுக்கு இன்னும் இரண்டு பேர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரையே உட்கார வைத்தால் கண் கூசி எதுவும் தெரியாது. கிழக்கே பார்த்த கடல் என்பதால் காலை 7 முதல் 9 வரை வெயில் நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீர் முழுக்கப் பளபளக்கும். அந்த நேரத்தில் ஒருவர் பைலுக்குக் கிழக்கே ஃபைபர் போட்டில் இருந்து கரையை நோக்கிப் பார்க்க வேண்டும். மற்றவருக்குத் தண்ணீரிலிருந்து 5 மீட்டராவது உயரமான மேடை, அளவுகோடு உள்ள 7x50 பைனாகுலர். 500 மீட்டரில் நாலு திசையிலும் மிதவை கட்டுங்கள். கடலில் தூரத்தை வெறுங்கண்ணால் மதிப்பிடுவது யாருக்கும் சரியாக வராது.

கூன்முதுகு ஓங்கில் நிதானமாக உருண்டு எழும், சாம்பல் முதுகு நன்றாகத் தெரியும். கடல்பன்றிதான் கஷ்டம். துடுப்பு கிடையாது, துள்ளாது, கருத்த முதுகு ஒரு நொடி வழுக்கிக்கொண்டு போகும், ரப்பர் டயரின் விளிம்பு மாதிரி. நுரைத்தலை அலை வந்துவிட்டால் அதைப் பார்க்கவே முடியாது. அந்த நிலையில் தொடங்கக் கூடாது என்று எழுதி வையுங்கள்.

ராத்திரி தொடங்கவே கூடாது. பகலில் ஆரம்பித்த பைல் இருட்டிவிட்டால் இடைவெளி விடாமல் அதை முடிக்கலாம், அடுத்ததைத் தொடக்கூடாது. "ஹைட்ரோஃபோன் வைத்து ராத்திரி கேட்கிறோம்" என்று யாராவது சொன்னால் கருவியின் மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை முறை பதிகிறது) கேளுங்கள். கடல்பன்றியின் கிளிக் 125 முதல் 140 கிலோஹெர்ட்ஸ். 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில் பதியும் கருவிக்கு அது கேட்கவே கேட்காது. 300க்கு மேல் வேண்டும். நம் கரையோரப் பாறைக் கொட்டல்களில் சொடக்கு இறால் வேறு ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கும், ஓங்கிலின் விசில் அதில் மூழ்கிவிடும்.

வடசென்னை_சைட்

ரொம்ப நன்றி சார், இரண்டு பேருக்கும். ஒப்பந்ததாரர் "நிறுத்தினால் ரிக், பார்ஜ், கம்ப்ரஸர் எல்லாம் சும்மா நிற்கும், அந்தக் காசை யார் கொடுப்பது" என்கிறார். அதுதான் இப்போது பெரிய முட்டுக்கட்டை.

டெண்டர்_கணக்கு

அந்த ஆள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு டெண்டரில் பதில் இல்லாததால்தான் எல்லா இடத்திலும் பார்வையாளர் பொம்மையாக நிற்கிறார். அளவுப்பட்டியலில் "விலங்கு வருகையால் காத்திருப்பு" என்று தனி உருப்படி போடுங்கள், மணிக்கு இவ்வளவு என்று விகிதம் கேளுங்கள், உத்தேசமாக ஒரு மணிக்கணக்கை ஒதுக்குங்கள். நின்றால் பணம் உண்டு என்றால் ஃபோர்மேன் பைனாகுலரைப் பிடுங்க மாட்டார். குமிழித் திரையும் தனி உருப்படியாக, பைல் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். மொத்தத் தொகைக்குள் அடக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும்: பார்வையாளர் வாக்கி-டாக்கியில் "நிறுத்து" என்றால் சுத்தியல் ஓட்டுநர் யாரையும் கேட்காமல் நிறுத்த வேண்டும். பார்வையாளருக்குச் சம்பளம் ஒப்பந்ததாரர் கையிலிருந்து போகக் கூடாது, வேலை கொடுப்பவரே நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

மாதத் தேர்வும் டெண்டரில்தான் முடிவாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம், பார்வைக்கும் பார்ஜுக்கும் ஆகாது. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அமைதி, ஆனால் பங்குனி ஆமைகள் கரையேறும் காலம் அதுவே. அப்போது சைட் விளக்குகளைக் கடற்கரைப் பக்கம் திருப்பாமல் மறைக்க வேண்டும், ஆமையையும் பார்வைப் பதிவில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இரைச்சல் இல்லை, படகும் ஆளும் வாடகைக்குக் கிடைக்கும். என் கணிப்பில் இரைச்சலான வேலைக்கு அதுதான் பொருந்தும் காலம்.

குப்பத்துக்கடல்

பார்வையாளராகக் குப்பத்து ஆட்களைப் போடுங்க. கவலை, நெத்திலி கூட்டம் கரைக்கு ஏறினா ஓங்கில் பின்னாடியே வரும்னு அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெரியும். தண்ணி நெறம், காக்கா கூட்டம் பாத்தே சொல்வாங்க. ஃபாரம் நிரப்பக் கத்துக்குடுத்தா போதும். ஊர் பஞ்சாயத்துகிட்ட முன்னாடியே பேசிடுங்க, வலை விடற நேரமும் பைல் அடிக்கிற நேரமும் மோதினா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொண்ணு. மண்திரைக் கயிறு (கலங்கல் பரவாம கட்டற திரையோடது), பார்ஜ் நங்கூரக் கயிறு எதையும் தொளதொளன்னு விடாதீங்க. இழுத்துக் கட்டின கயித்துல ஓங்கில் மாட்டாது, தொங்கற கயித்துல வால் சுத்திக்கும்.

நீரொலி

குப்பத்துக்கடல் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே ஓங்கில் புகுந்திருக்கும்போது வாய்ப்பக்கம் அடிக்கத் தொடங்கினால், வெளியே போகும் வழியையே சத்தம் அடைத்துவிடும். அது உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சத்தம் வாங்கும். மெல்ல ஏற்றுவதும் அங்கே உதவாது, ஓட இடமில்லையே. அதனால் 30 நிமிடப் பார்வையில் முதல் பார்வை உள்பக்கத்துக்கு, 500 மீட்டரைத் தாண்டினாலும் சுவர்களுக்கு உள்ளே முழுக் குளமும் காலியாக இருக்க வேண்டும். பைல் வரிசையை உள்ளிருந்து வெளியே போகும்படி திட்டமிட முடிந்தால் நல்லது.

பதிவுத்தாளில் பைல் எண், தொடங்கிய நேரம், அடி எண்ணிக்கை, சுத்தியல் உயரம், திரையின் காற்றழுத்தம், நீரோட்டம், அலை நிலை, பார்த்த விலங்கு, தூரம், திசை, நிறுத்திய நேரம் எல்லாம் வரணும். அடி எண்ணிக்கையை விடாதீர்கள்: ஒரு நாளில் 100 அடி 1,000 ஆனால் விலங்கு வாங்கும் மொத்தச் சத்தம் 10 டெசிபல் கூடும். முதல் மூன்று பைலுக்கு 10 மீட்டரிலும் 500 மீட்டரிலும் ஹைட்ரோஃபோன் வைத்து, திரை போட்டு ஒருமுறை, நிறுத்திச் சில அடி ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 டெசிபல்கூட வரவில்லை என்றால் நாலாவது பைலைத் தொடாமல் வளையத்தை மேலே தூக்குங்கள்.