காப்புமுறிப்பும் காப்பு ஏய்ப்பும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிறப்பிலேயே அமைந்த, உடலின் முதல்நிலை நோய்க் காப்பைக் கொரோனா தீநுண்மி (வைரஸ்) எதிர்கொள்ளும் செயல்கள் அனைத்திற்கும் 'ஒடுக்கம்' என்ற ஒரே சொல் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலில் அடிச்சொல். தமிழகத்தில் நோய்த்தடைகாப்பு என்றும் இலங்கையில் நிர்ப்பீடனம் என்றும் வழங்குவதைக் கூட்டுச்சொற்களுக்காகக் 'காப்பு' எனச் சுருக்கலாம். முதல்நிலைக் காப்பைக் குறிக்க அதன் முன் 'பிறவி' என்ற அடைமொழியைச் சேர்ப்பது சரிவராது. கடுமையான கோவிட் நோயாளிகள் சிலரிடம், தீநுண்மிக்கு எதிராகச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் செயல்வழியில் மரபணுப் பிழைகள் 2020இல் கண்டறியப்பட்டன. அவற்றைப் 'பிறவிக் குறைபாடு' என்றுதான் எழுத முடியும்; ஒரே அடைமொழி இரு பொருளில் வந்தால் குழப்பமே மிஞ்சும். எனவே அடைமொழி 'இயல்பு' என்றே இருக்கட்டும்.

தீநுண்மி செல்லுக்குள் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை எம்.டி.ஏ.5 போன்ற உணரிப் புரதங்கள் கண்டுகொள்ள, செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது; அது அண்டைச் செல்களிலும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இதற்கு எதிராக, கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 தீநுண்மியின் என்.எஸ்.பி.1 புரதம், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு துணையலகில், அதற்கான குறிப்பைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ. நுழையும் வாயிலைத் தன் வால்பகுதியால் அடைத்துவிடுகிறது. செல்லின் புரதத் தயாரிப்பு, இன்டர்ஃபெரான் உட்பட, சரிகிறது. தீநுண்மியின் தூது ஆர்.என்.ஏ.க்களோ தம் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு மடிப்பின் துணையால் இந்தத் தடைக்குத் தப்பிவிடுகின்றன. தீநுண்மியின் ஓ.ஆர்.எஃப்.6 புரதம் உட்கருத் துளையைப் பற்றிக்கொண்டு, இன்டர்ஃபெரானின் செய்தியைச் சுமந்துவரும் ஸ்டாட்1 என்ற செல்புரதம் உட்கருவுக்குள் நுழையாதபடி தடுக்கிறது. இவ்விரு புரதங்களின் செயலும் 'காப்புமுறிப்பு'; இதைச் செய்யும் புரதம் 'காப்புமுறிப்பி'.

தீநுண்மியின் மற்றொரு புரதமான என்.எஸ்.பி.15 அப்படியன்று. அது நொதியாக இருந்து வெட்டுவது தீநுண்மியின் சொந்த ஆர்.என்.ஏ.வை, உணரியின் கண்ணில் படக்கூடிய துண்டுகளை அது அழித்துவிடுகிறது. என்.எஸ்.பி.16 தீநுண்மி ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையில் உள்ள மூடியில் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியைச் சேர்த்து, அதைச் செல்லின் ஆர்.என்.ஏ. போலவே தோன்றச் செய்கிறது. இங்கே காப்பு முறியவில்லை, ஏமாற்றப்படுகிறது. 'வரி ஏய்ப்பு' என்று நாளும் எழுதிப் பழகிய நமக்குக் 'காப்பு ஏய்ப்பு' விளக்கமின்றியே புரியும்.

ஐயம் எழும் இடங்களில், புரதம் கைவைப்பது செல்லின் உறுப்பிலா, தீநுண்மியின் சொந்தப் பொருளிலா என்று பார்த்தால் போதும்; முன்னது முறிப்பு, பின்னது ஏய்ப்பு. என்.எஸ்.பி.3 தன் புரதம்வெட்டும் பகுதியால் எம்.டி.ஏ.5இலிருந்து, அது செயல்படத் துணைநிற்கும் ஐ.எஸ்.ஜி.15 என்ற சிறு புரதத்தைக் கழற்றி, அந்த உணரியைச் செயலற்றதாக்குகிறது. ஆகவே அதுவும் முறிப்பியே.

ஒரு விலக்கையும் பதிவுசெய்ய வேண்டும். 2020ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்த 987 நோயாளிகளுள் 101 பேரிடம் இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் தன்னெதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. இவை நோயாளியின் உடலே உண்டாக்கியவை என்பதால் இவற்றை முறிப்பி என அழைக்கலாகாது.

மறுப்பு உள்ளவர்கள், இவ்விரு சொற்களுக்கும் அடங்காத புரதம் எது என்று குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.